ஜோகூர் வீட்டில் ஒருத்தி

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கையைக் கழுவிவிட்டு, இசைவாணி வழக்கம்போல் போனில் தன் வீட்டைப் பார்த்தாள்.

திண்டிவனத்தில் அவள் குடியிருந்தது வாடகை மாடி. சொந்த வீடு மலேசியாவில் இருந்தது. ஜோகூர் பாருவில், கடலைப் பார்த்த கொண்டோ எனப்படும் உயரமான அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், பத்தொன்பதாவது மாடி. வீட்டைப் பதிவு செய்யப் போனபோது அவள் கணவன் சகாயராஜ் ஹாலின் மூலையில் சிம் போட்ட ஒரு கேமராவை மாட்டிவிட்டு வந்திருந்தான். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. வெறும் தரை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னல் வழியாக விழும் வெயில். அந்தத் தரை தன்னுடையது என்பதற்காகவே அவள் தினமும் பார்ப்பாள்.

அன்றைக்கு அந்தத் தரையில் ஒரு பெண் படுத்திருந்தாள்.

முதலில் ஏதோ துணி மூட்டை என்று நினைத்தாள். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் விட்டுப்போன துணியாக இருக்கும். அப்போது அந்த மூட்டை புரண்டு, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டது. இசைவாணியின் கையிலிருந்த டிபன் பாக்ஸ் மூடி தரையில் விழுந்து உருண்டது. லேபில் அவளோடு வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்து, "என்னாச்சுக்கா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றாள் இசைவாணி. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சகாயராஜ் சரக்குக் கப்பலில் செகண்ட் எஞ்சினியர். அவன் அப்பா ராயப்பனும் அம்மா சவுரியம்மாளும் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்து அவனைப் படிக்க வைத்தவர்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவன் திண்டிவனத்தில் மனை தேடினான். புரோக்கர்கள் நன்றாகத்தான் பேசுவார்கள். பேச்சோடு பேச்சாகச் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். அப்புறம் அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். மறுநாள் போன் வரும். "வேற பார்ட்டி முடிச்சிட்டாங்க சார்." ஒவ்வொரு முறையும் அதே கதைதான். ராயப்பன் சொந்த மனையைப் பார்க்காமலே இறந்துபோனார். அதற்கடுத்த வருடம் கப்பலை ரிப்பேருக்காக ஜோகூரில் நிறுத்தியபோது, கூட வேலை செய்தவன் ஒருவன் சகாயராஜை அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனான். அன்று போனில் அவன் குரலே வேறு மாதிரி இருந்தது. "இங்க பாஸ்போர்ட்ட மட்டும்தான் பாத்தாங்க வாணி. எந்தத் தெருன்னு ஒருத்தரும் கேக்கல."

வாடகைக்கு விடலாம், வேலையை விட்டபின் அங்கேயே போய்விடலாம் என்றெல்லாம் திட்டம் இருந்தது. ஆனால் ஆள் வரவில்லை. அந்தக் கட்டடத்தில் பாதிக்கு மேல் வீடுகள் இருட்டாகவே கிடந்தன. வீட்டுப் பொறுப்பு அந்தக் கட்டடத்தின் மேனேஜரிடம் இருந்தது.

மேனேஜருக்குப் போன் போடலாமா என்று நினைத்தாள். அவரே பணம் வாங்கிக்கொண்டு இவளை உள்ளே விட்டிருந்தால்? சகாயராஜுக்கு வாட்ஸப் அனுப்பினாள். ஒற்றை டிக்தான் விழுந்தது. கப்பல் நடுக்கடலில் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் காட்டினாள். சவுரியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்தாள். அங்கே பொழுது முழுக்க இறங்கிவிட்டிருந்தது. அந்தப் பெண் விளக்கைப் போடவில்லை. தூரத்துச் சாலை வெளிச்சத்தில், சுவரோரமாக நிழல்போல் உட்கார்ந்து எதையோ தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"இது மனுஷிதானா?" என்றாள் சவுரியம்மாள் மெதுவாக.

"சாப்டுறாளே."

"ஒரு லைட்டு போடல பாரு. யார்னா குதிச்சி கிதிச்சி செத்தாங்களா அந்தக் கட்டடத்துல? கேட்டீங்களா வாங்கும்போது?"

"சும்மா இருங்கத்த. எனக்கே பயமா இருக்குது."

இசைவாணி எப்போதும் சத்தத்தை அணைத்தே வைத்திருப்பாள். இப்போது அதைத் திறந்தாள். முதலில் காற்று இரைந்தது. பிறகு ஒரு முணுமுணுப்பு.

"...தாயே, என்ன எப்பிடியாவுது ஊருக்கு இட்டுக்கினு போயிடு. பொங்க வெக்கிறேன். மொட்ட அடிச்சிக்கிறேன். இங்கியே சாவ வெச்சிடாத..."

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சு வந்துகொண்டிருந்தது.

கேமராவில் பேசுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. இசைவாணி அதை ஒருநாளும் அழுத்தியதில்லை. அழுத்தினாள்.

"யாரும்மா நீ?"

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அப்படியே தரையோடு தரையாகச் சரிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"பயப்படாதம்மா. நான் இந்த வீட்டுக்காரி. மேல பாரு. மூலைல வெள்ளையா சின்னதா இருக்குது பாரு, கேமரா. அதுலதான் பேசறேன். திண்டிவனத்துலேர்ந்து பேசறேன்."

"திண்டிவனமா?" கை மெல்ல விலகியது. "அக்கா, போலீசக் கூப்டாதீங்கக்கா. உங்க கால்ல வுழறேன். ஒண்ணும் எடுக்கலக்கா. குழாத் தண்ணி மட்டும்தான் புடிச்சேன்."

அவள் பெயர் இளவரசி. விழுப்புரத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் வேங்கடேசன் என்பவன், சூப்பர் மார்க்கெட்டில் பேக்கிங் வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தான். அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, புதுக் கட்டடங்களைத் துடைக்கும் கூட்டத்தில் சேர்த்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். போன வாரம், வேறு வேலை என்று சொல்லி ஒரு கடைக்குக் கூட்டிப் போனார்கள்.

"மசாஜ் கடைன்னு போர்டு போட்டிருந்துச்சிக்கா. உள்ள போனப்பறம்தான் தெரிஞ்சுது. பாத்ரூம் ஜன்னல் வழியா குதிச்சி ஓடியாந்துட்டேன். எங்க போறதுன்னு தெரியல. இந்த பில்டிங்க நான்தான் தொடச்சிருக்கேன். எல்லா வீட்லயும் நம்பர் பூட்டு. சாவி குடுத்தப்பறம் எல்லாரும் நம்பர மாத்திட்டாங்க. உங்க வூட்ல மட்டும் தொடைக்கறப்ப எங்களுக்குக் குடுத்த பழைய நம்பரே இருந்துச்சி."

இத்தனை நாளும் அந்த வீடு திறந்தே கிடந்திருக்கிறது.

சவுரியம்மாள் போன் பக்கம் குனிந்தாள். "எந்த ஊரும்மா நீ?"

"பனமலைக்குப் பக்கத்துலம்மா." ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

சவுரியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். எழுந்து போய் அடுப்படியில் நின்றாள். இசைவாணி போனை வைத்துவிட்டு வந்தபோது மாமியாரின் முகம் இறுகியிருந்தது.

"அந்த ஊர்க்காரங்க நெலத்துலதான் நான் மல்லாட்டச் செடி புடுங்கி கொட்ட ஆஞ்சேன். தண்ணி கேட்டா கைய ஏந்தச் சொல்லி மேலேர்ந்து ஊத்துவாங்க. சொம்பத் தரமாட்டாங்க." கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். "அவள அனுப்பிடு. எம்புள்ள கடல்ல கெடந்து சம்பாரிச்ச வூடு அது. நமக்கு வாணாம் இந்த வம்பு."

"எங்கத்த அனுப்பறது?"

சவுரியம்மாள் திரும்பி அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் காலை லேபின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு மேனேஜருக்குப் போன் செய்தாள். வீடு பத்திரமாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டாள். அவர் மலேசியத் தமிழர், கனிவாகவே பேசினார். "காலி வீட்டுல பெர்மிட் இல்லாத ஆளுங்க வந்து படுத்துக்கிறாங்க மேடம். பக்கத்து பிளாக்ல புடிச்சிட்டாங்க. அடுத்த வாரம் இமிகிரேஷன் நம்ம பிளாக்குக்கும் வர்றாங்க. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சே தங்கியிருந்தா அவரு மேலயும் கேஸ்தான்."

"தெரிஞ்சேன்னா?"

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தா மேடம்."

அவள் போனை வைத்தாள். சகாயராஜின் கப்பல் எந்தெந்தத் துறைமுகத்துக்கெல்லாம் போகும் என்று யோசித்தாள். ஒரு நாட்டில் கேஸ் என்றால் அவன் வேலையே போய்விடும். சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஒரே ஒரு போன். இரவு நெடுநேரம் அதை நினைத்துக் கிடந்தாள். ஒவ்வொரு முறையும், தரையோடு சரிந்து தலையை மூடிக்கொண்ட அந்தக் கைகள்தான் கண்முன் வந்தன.

இளவரசி சொன்னபடி, அவள் அண்ணன் வல்லரசு விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பைக் மெக்கானிக்காக இருந்தான். அவனிடம் சொல்லிவிட்டால் பொறுப்பு தன்னை விட்டு இறங்கிவிடும் என்று இசைவாணி நம்பினாள். லேபுக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கிரீஸ் கையோடு வந்து நின்ற அவன், தங்கையின் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அது யார் கூடவோ ஓடிப்போச்சின்னு சொன்னாங்க. அப்பா அது பேரையே எடுக்கறதில்ல."

"யாரு சொன்னது?"

"வேங்கடேசன் அண்ணன்தான்."

இசைவாணி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் கண் சிவந்தது. ஸ்பேனரைக் கீழே போட்டான். அடுத்து அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவள் நினைத்துப் பார்ப்பதற்குள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"அண்ணே, எந்தங்கச்சிய என்னா பண்ண? மசாஜ் கடைக்கா அனுப்பின? எல்லாம் தெரிஞ்சிபோச்சி. திண்டிவனத்துலேர்ந்து ஒரு அக்கா வந்திருக்காங்க, அவங்க ஜோகூரு கொண்டோவுலதான் எந்தங்கச்சி..."

அவள் போனைப் பிடுங்கி அணைப்பதற்குள், அந்தப் பக்கத்துக் குரல் நிதானமாகக் கேட்டது. "யாரு அந்த அக்கா? போன அவங்ககிட்ட குடு தம்பி."

"ஏன் தம்பி இப்பிடிப் பண்ண?" என்று கேட்டாள். வல்லரசுக்குத் தான் செய்தது அப்போதுதான் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்காரவில்லை. விக்கிரவாண்டியில் ஏறிய ஒருவன் அவளை இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். டோல்கேட் தாண்டும் வரை ஒரு பைக் பஸ்ஸை ஒட்டியே வந்தது. திண்டிவனத்தில் இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போகாமல், துணிக்கடை ஒன்றில் நுழைந்து வேறு வாசலால் வெளியே வந்தாள். தன்னைப் பார்க்கத் தனக்கே பைத்தியக்காரி போலிருந்தது. ஆனாலும் கால் வேகத்தைக் குறைக்கவில்லை.

மறுநாள் லேபில் கூட்டம் இருந்தது. சர்க்கரை பார்க்க வந்தவர்களுக்கு வரிசையாக ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து நீட்டினார். அவள் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்தாள்.

"நேத்து போன்ல பேச முடியாம போச்சி" என்றார் அவர்.

அவள் நிமிரவில்லை.

"திண்டிவனத்துல எத்தன பேருங்க ஜோகூர்ல வூடு வாங்கியிருப்பாங்க? டீக்கடையில கேட்டேன், மொத ஆளே சொல்லிட்டாரு. கப்பல்காரரு சகாயராஜ் வூடுன்னு." வேங்கடேசன் சிரித்தபடியே பேசினான். அடுத்த நாற்காலியில் இருந்தவர்களுக்கு யாரோ தெரிந்தவர் நலம் விசாரிப்பதுபோல் இருந்திருக்கும். "அந்தப் பொண்ணு எங்க பொறுப்புங்க மேடம். வழி தெரியாம உங்க வூட்ல பூந்துக்கிச்சி. பில்டிங் பேர மட்டும் சொல்லுங்க, நாங்களே இட்டுக்கினு போயிடறோம். உங்களுக்கும் கேஸு கீஸு வராது. சாருக்கும் வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் ஊசியைக் குத்தினாள். நரம்பு தவறிவிட்டது. மறுபடி குத்தினாள். அதுவும் தவறியது.

"கை நடுங்குது பாருங்க" என்றான் அவன். தானே பட்டையை அவிழ்த்தான். "பரவால்ல. அவ தொடச்ச பில்டிங் ரெண்டோ மூணோதான். ஓனர் பேரு தெரிஞ்சாச்சி. அங்க வாட்ச்மேன்கிட்ட கேட்டா சொல்லிடுவான்." எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "வூட்ல வயசானவங்க வேற இருக்காங்க. பத்ரமா இருங்க."

அவன் போனபின் இசைவாணி ஊசியைத் தட்டில் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

அங்கிருந்து நேராக மாதா கோயிலுக்குப் போனாள். பங்குச் சாமியார் ஆனந்தராஜ் ஃபாதர் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அவள் பாதி அழுகையும் பாதிப் பேச்சுமாகச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இத ஏம்மா முதல்லயே வந்து சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒருவர் மாற்றி ஒருவராகப் போன் போட்டார். கடைசியில் ஜோகூரில் ஒரு சிஸ்டர் கிடைத்தார். பிலோமினா என்று பெயர். வீட்டுவேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட பெண்களுக்கு மடத்தில் இடம் கொடுப்பவராம். அன்று சாயங்காலமே காரில் வருவதாகச் சொன்னார். கட்டடத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்வதற்கு முன் இசைவாணி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு ஓடிவந்து கேமராவில் பேசினாள்.

"இளவரசி, இன்னிக்கி ஒரு சிஸ்டர் வருவாங்க. உன்ன இட்டுக்கினு போவாங்க. பொம்பள குரல் கேட்டாத்தான் தொறக்கணும். புரியுதா?"

"அக்கா, வேற யார்னா வந்தா?"

"கதவுக்கு உள்ள தாழ்ப்பா இல்லையா?"

"இல்லக்கா. நம்பர் பூட்டு மட்டும்தான்."

"நம்பர மாத்த முடியுமா?"

"அதுக்கு ஓனருக்குன்னு இருக்கற தனி நம்பர் வேணுமாம். எனக்குத் தெரியாதுக்கா."

இசைவாணிக்கும் தெரியாது. சகாயராஜுக்குத்தான் தெரியும். அவனுக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றிருந்தன.

சவுரியம்மாள் தெருக்கதவைப் பூட்டிவிட்டு வந்து மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் போனையே பார்த்தார்கள். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. அங்கே ஹால் மங்கிக்கொண்டே வந்தது. இளவரசி தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

இளவரசி எழுந்தாள். கேமராவை நோக்கி உதட்டை மட்டும் அசைத்தாள். 'தொறக்கட்டுமா?'

மறுபடி தட்டினார்கள். அப்புறம் ஓர் ஆண் குரல். "செக்யூரிட்டி. கீழ்வீட்டுல தண்ணி ஒழுவுது. கதவத் தொறங்க." தமிழில் கேட்டது. காலி வீட்டின் கதவைத் தட்டி, எதற்காகத் தமிழில் கேட்கிறார்கள்?

"தொறக்காத" என்றாள் இசைவாணி. "உள்ள போ. எங்கனா ஒளிஞ்சிக்க. போ."

வெளியே பூட்டின் பொத்தான்களை யாரோ அழுத்தினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சின்னக் கீச்சொலி எழுந்தது. இளவரசி சமையலறைப் பக்கம் ஓடி, கேமராவின் பார்வையிலிருந்து மறைந்தாள். துடைக்கும் கூட்டத்துக்கே தெரிந்த அந்தப் பழைய நம்பர்தான். கதவு திறந்தது.

இரண்டு பேர். ஒருவன் தொப்பி போட்டிருந்தான். மற்றவன் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றான். தரையில் கிடந்த தண்ணீர் பாட்டிலைத் தொப்பிக்காரன் காலால் உருட்டினான். "இங்கதான் இருக்கா" என்றான்.

இசைவாணி பேசும் பொத்தானை அழுத்தினாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூச்சுதான் வந்தது. தொப்பிக்காரன் படுக்கையறைக் கதவைத் திறந்து பார்த்தான். அடுத்தது சமையலறை.

சவுரியம்மாள் போனைப் பறித்தாள்.

"ஏய்! எவன்டா அது? எவன் வூட்டுக்குள்ள எவன்டா வர்றது? எம்புள்ள வாங்கின வூடுடா அது! உங்க மூஞ்சி ரெண்டும் போன்ல புடிச்சாச்சி! போலீசு மேல ஏறி வந்துக்கினு இருக்குது! வெளிய போங்கடா!"

வயல் முழுக்கக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். வெற்று ஹாலில் அது எப்படி இடித்திருக்கும் என்று தெரியவில்லை. கதவில் சாய்ந்திருந்தவன் துள்ளி விலகினான். தொப்பிக்காரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேலே பார்த்தான். கேமராவைக் கண்டுகொண்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். ஒரு பெரிய உள்ளங்கை திரையை மறைத்தது. அப்புறம் இருட்டு. இணைப்பு இல்லை என்று எழுத்து வந்தது.

இசைவாணி அதை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். எழுத்து மாறவில்லை. சிஸ்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். அந்தச் சத்தத்தில் தன் காதில் எதுவோ விழாமல் போய்விடுமோ என்று அவள் போனைக் காதோடு வைத்து அமுக்கிக்கொண்டாள். சவுரியம்மாள் மடியில் கையை வைத்துக்கொண்டு, "இட்டுக்கினு போயிட்டானுங்க" என்றாள். "இட்டுக்கினு போயிட்டானுங்க வாணி."

வீடியோ அழைப்பு வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கண்ணாடி போட்ட, தலைக்கு முக்காடிட்ட முகம் ஒன்று மூச்சு வாங்கியபடி தெரிந்தது. பின்னால் அவர்களுடைய ஹால். கேமரா இருந்த இடத்தில் ஒயர் மட்டும் தொங்கியது.

"கதவு திறந்து கிடக்கும்மா. இங்க யாரும் இல்ல."

"கூட்டிட்டுப் போயிட்டாங்களா சிஸ்டர்?"

"கீழ செக்யூரிட்டிகிட்ட கேட்டேன். ரெண்டு பேரு அவசரமா இறங்கிப் போனாங்களாம். பொண்ணு யாரும் கூட இல்லன்னு சொல்றாரு."

"சமையல்கட்டு பக்கம்தான் ஓடினா."

படம் ஆடியபடி நகர்ந்தது. சமையலறை காலி. அலமாரிகள் காலி. துணி உலர்த்தும் இடமும் காலி. அதன் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தகரக் கதவு, ஏசி மெஷினை வெளியே மாட்டுவதற்காக வைத்தது. சிஸ்டர் அதைத் தள்ளினார். காற்று சீறியது. "ஆண்டவரே" என்ற அவர் குரல் மட்டும் கேட்டது.

வெளிச்சுவரில் பலகைபோல் நீட்டியிருந்த குறுகலான சிமென்ட் விளிம்பில் இளவரசி நின்றிருந்தாள். பிடிக்கக் கம்பி எதுவும் இல்லை. வேறு வீட்டுக்காரரின் ஏசிக் குழாய் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, முகத்தைச் சுவரில் ஒட்டி, கண்ணை இறுக மூடியிருந்தாள். அவள் பாவாடை காற்றில் படபடத்தது. கீழே, நினைத்துப் பார்க்க முடியாத ஆழத்தில், கார் விளக்குகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"இளவரசி, நான் சிஸ்டர்மா. வாம்மா உள்ள."

அவள் அசையவில்லை. பொம்பள குரல்தான். ஆனாலும் நம்பவில்லையா, நம்பியும் கை வரவில்லையா, தெரியவில்லை. சிஸ்டர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார். எட்டவில்லை. விரல் பட்டதும் இளவரசி உள்ளுக்குள் கேவியபடி இன்னும் அரையடி அப்பால் நகர்ந்தாள். சிஸ்டர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"தொடாதீங்க சிஸ்டர்" என்றாள் இசைவாணி. "போன அவ பக்கமா நீட்டுங்க. சத்தத்த ஏத்துங்க."

தன் குரல் நடுங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இளவரசி. நான் திண்டிவனத்து அக்கா. அவனுங்க போயிட்டானுங்க. இவங்க நம்ம சிஸ்டர்தான். கேக்குதா?"

"அக்கா..." காற்றில் தேய்ந்து வந்தது. "கை விட்டா வுழுந்துடுவேன்க்கா."

"விட வாணாம். கண்ணையும் தொறக்க வாணாம். மூச்ச இழு. மெதுவா விடு. இப்ப ஒரு காலு மட்டும், எடது காலு, கொஞ்சம் இந்தப் பக்கம் தேச்சி வை. தூக்காத. தேச்சி."

கால் நகர்ந்தது. கொஞ்சமே கொஞ்சம்.

"அவ்ளோதான். இப்ப அடுத்த காலு. அதையும் தேச்சி வை. நான் இங்கியேதான் இருக்கேன்."

சவுரியம்மாள் மருமகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் இசைவாணியின் முதுகில் புதைந்திருந்தன. "வாடி கண்ணு" என்றாள். "உள்ள வா. நம்ம வூட்டுக்குள்ள வா."

இளவரசி குழாயிலிருந்து ஒரு கையை எடுத்தாள். சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்தார். அப்புறம் போன் கீழே விழுந்திருக்க வேண்டும். சமையலறைக் கூரை மட்டும் தெரிந்தது. யாரோ தரையில் மோதி விழும் சத்தமும், அதற்குப் பிறகு ஓர் அழுகையும் கேட்டன. அழுவது இளவரசியா சிஸ்டரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இளவரசி கொஞ்சகாலம் மடத்தில் இருந்தாள். சிஸ்டர் அவளைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போய்த் தூதரகத்தில் விட்டு, ஊர் திரும்புவதற்கான ஏற்பாடுகளைச் செய்தார். கப்பல் கரை தொட்டதும் சகாயராஜுக்குச் செய்திகள் எல்லாம் ஒன்றாய்ப் போய்ச் சேர்ந்தன. போனில் கத்தினான். "எனக்கு வேலை போயிருந்தா? உன்ன ஏதாவது பண்ணியிருந்தா?" கத்தி முடித்ததும், பூட்டின் நம்பரை மாற்றாமல் வந்தது தான்தான் என்று அவனாகவே சொன்னான்.

வல்லரசு விழுப்புரத்தில் புகார் கொடுத்தான். வேங்கடேசனின் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. சாட்சி சொல்ல இசைவாணியைக் கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்று நினைத்தாள். போனாள். பெஞ்சில் காத்திருந்த நேரம் முழுக்க, வாசலில் வெள்ளைச் சட்டையில் யார் வந்தாலும் எழுந்து நின்றுவிட்டாள். எழுதிக்கொண்ட போலீஸ்காரம்மா, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். இசைவாணி டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். லேபில் வேங்கடேசன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவனை இன்னும் பிடிக்கவில்லை. இப்போதும் புது ஆள் யாராவது சட்டைக் கையை மடித்து நீட்டினால், முதலில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு இளவரசி வந்தாள். வல்லரசு கீழே பைக்கிலேயே இருந்துகொண்டான். இளவரசி மட்டும் மாடியேறினாள். சுவர்ப் பக்கமாக ஒட்டி ஒட்டித்தான் ஏறினாள். நேரில் பார்க்க இன்னும் சின்னப் பெண்ணாக இருந்தாள். சவுரியம்மாள் நாற்காலியைப் பால்கனிக் கதவருகே போட்டாள். இளவரசி அதில் உட்காராமல், உள்சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். "அந்தக் கதவ கொஞ்சம் சாத்திடறீங்களாம்மா?" என்றாள். சவுரியம்மாள் போய்ச் சாத்திவிட்டு வந்து, தட்டில் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. இளவரசி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு வந்து கேட்டாள். "அந்த வூட்ட வித்துட்டீங்களாக்கா?"

"யாரும் வாங்க வரல. வாடகைக்கு ஒரு குடும்பம் கேக்கறாங்களாம். மேனேஜர் சொன்னாரு."

"கொழந்தைங்க இருக்காங்களா?"

"ரெண்டு பேராம்."

இளவரசி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அந்த ஏசி கதவ மட்டும் பூட்டு போட்டுக் குடுக்கச் சொல்லுங்கக்கா. சின்னக் கதவுதானன்னு தொறந்துடுவாங்க."

அவர்கள் போனபின் இசைவாணி முதல் வேலையாக மேனேஜருக்கு அதை எழுதி அனுப்பினாள். இரண்டு டிக் விழும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.